ஆலயம், வெளியிலிருந்து மட்டும்

சற்குணம் செய்த பிழை ஒன்றுதான். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, வாடகை மண்டபத்தின் வாசலில் கடலைத் தட்டோடு நின்றபோது, பக்கத்தில் நின்றவரிடம் பேச்சுக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டார்.

"அண்ணை, கிரீசுக்குப் போற எங்கட சனத்துக்கு அங்க என்னத்தைக் காட்டலாம்?"

பக்கத்தில் நின்றவர் குலசிங்கம், தென்கடல் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். ஓக்லாந்துத் தமிழர் எதற்குக் கைதட்ட வேண்டும், எந்த ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சங்கம் அது. குலசிங்கம் வாயிலிருந்த கடலையை விழுங்கினார். கைக்குட்டையால் மீசையைத் துடைத்தார்.

"இது தனி ஆள் செய்யக்கூடிய அலுவல் இல்லை, சற்குணம்," என்றார். "உபகுழு வேணும்."

சற்குணம் சிரித்தார். தலைவர் பகிடி விடுகிறார் என்று நினைத்தார். தலைவர் தன் வாழ்நாளில் பகிடி விட்டதில்லை.

சங்கதி இதுதான். சற்குணத்தின் ஒரே மகள் லோஜனா, தன்னோடு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் நிக்கோஸ் என்ற பெடியனைக் கட்டப்போகிறாள். நிக்கோஸின் தகப்பன் வெலிங்டனில் மீன் பொரித்து விற்பவர். பிறந்தது கிரேக்க நாட்டில் ஒரு சிறு தீவில். கல்யாணம் அந்தத் தீவில்தான் என்று அவர் கேட்டுக்கொண்டார். லோஜனா சம்மதித்தாள். மதம் மாற மட்டும் மாட்டேன் என்றாள். அப்படியென்றால் கோயிலுக்குள் கல்யாணம் செய்துவைக்க முடியாது என்று அந்த ஊர்ப் பாதிரியார் சொல்லிவிட்டார். ஆகவே நகரசபை மண்டபத்தில், தீவின் மேயர் முன்னிலையில், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பதிவுத் திருமணம் என்று முடிவாயிற்று.

மாப்பிள்ளை பக்கத்தில் அரைத் தீவே உறவு. பெண் பக்கத்தில் யார்?

"அப்பா, அவையின்ர சைட் ஃபுல்லா இருக்கும்," என்றாள் லோஜனா ஒருநாள், சாப்பாட்டு மேசையில். "என்ர பக்கம் நீங்களும் அம்மாவும் மட்டும் நிக்கப் போறீங்கள். இட்ஸ் ஓகே."

அந்த 'இட்ஸ் ஓகே' சற்குணத்தின் நெஞ்சில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது.

அவர் ஓக்லாந்தின் பாபடோயிட்டோய்ப் பகுதியில் இருந்த தன் சொந்தக்காரர் வீடெல்லாம் ஏறி இறங்கினார். எல்லா வீட்டிலும் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி. மூன்று விமானம் மாறி, ஒரு கப்பல் ஏறி, வெள்ளைக்காரனுக்குப் பெட்டை குடுக்கிறதைப் பார்க்கவோ? கடைசியில் அவருடைய மூத்த அக்கா குணவதிதான் ஒரு வழி காட்டினாள்.

"கலியாணத்துக்கு வா எண்டு கூப்பிட்டால் சனம் வராது. கிரீஸ் பார்க்க வா எண்டு கூப்பிடு. நானும் வருவன். ஆனா தனிய எண்டால் சனம் கதைக்கும். சங்கம் போகுதெண்டால், ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேலாது."

அதனால்தான் சற்குணம் கடலைத் தட்டோடு அந்தக் கேள்வியைக் கேட்டார். அதனால்தான் பிறகு நடந்த எதிலிருந்தும் அவரால் எழும்பி வெளியே வர முடியவில்லை.

கிரேக்கச் சுற்றுலா உபகுழுவின் முதலாவது கூட்டம் ஏவன்டேலில் ஒரு சமூக நிலையத்தில் நடந்தது. அடுத்த அறையில் கராத்தே வகுப்பு. ஒவ்வொரு தீர்மானம் நிறைவேறும்போதும் சுவருக்கு அப்பால் பத்துப் பிள்ளைகள் 'ஹா' என்று கத்தின.

தலைவர் வரவேற்புரை ஆற்றினார்.

"கிரேக்க நாடு எனக்குப் புதிதல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் நான் ஏதென்ஸ் மாநகரில் தங்கியிருக்கிறேன்."

"எத்தினை நாள் அண்ணை?" என்று சற்குணம் ஆர்வத்தோடு கேட்டார்.

"விமானம் மாறுகிற வரைக்கும்," என்றார் தலைவர். "விமான நிலையமே ஒரு நாட்டின் கண்ணாடி. அதை உற்றுப் பார்த்தவனுக்கு ஊருக்குள் போகவேண்டிய தேவை இல்லை."

கைதட்டினார்கள். சங்கத்தின் செயலாளர் ராம்பிரசாத் அதைக் கணினியில் பதிந்துகொண்டார். அவர் சென்னைக்காரர், ஆல்பனியில் கணினி வேலை. சங்கத்திலேயே மடிக்கணினி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் செயலாளர்.

நிக்கோஸின் தகப்பன் ஏதென்சிலும் தன் தீவிலும் விருந்தினர் பார்க்கக்கூடிய இடங்களை ஆசையோடு சொல்லி அனுப்பியிருந்தார். ஏதென்சில் மலை மேலுள்ள பழைய கோயில், அருங்காட்சியகம், தீவில் மீன் சந்தை, பாண் சுடும் ஒரு வெதுப்பகம், ஒலிவ மரத் தோப்பு, கடற்கரை, பளிங்குக்கல் வெட்டும் மலைக்கிராமம், திராட்சைத் தோட்டம், குன்றின் மேல் ஒரு குட்டி வெள்ளைக் கோயில். லோஜனா அதைத் தமிழில் சொல்லக் கேட்டு எழுதிவந்து, சற்குணம் கூட்டத்தில் ஒவ்வொன்றாக வாசித்தார்.

முதலாவதிலேயே ஆன்மீக ஆலோசகர் சுந்தரமூர்த்தி கையை உயர்த்தினார். ஆன்மீக ஆலோசகர் என்பது சங்கத்தின் யாப்பு விதிகளில் உள்ள பதவி. அதில் ஒருமுறை அமர்ந்தவர் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

"அந்தக் கோயிலுக்குக் கூரை இருக்கோ?"

"இல்லைப் போல," என்றார் சற்குணம். "படத்தில தூண்தான் தெரியுது."

"உள்ளுக்கு மூர்த்தி?"

"இல்லை."

"பின்னமான கோயில். கலியாண வீட்டுக்காரர் பின்னமானதைப் பார்க்கப்படாது. பார்த்தால் குடும்பத்துக்கு ஆகாது."

சுவருக்கு அப்பால் 'ஹா' என்றது. தீர்மானம் நிறைவேறியது. இரண்டாயிரத்துச் சொச்சம் வருடம் நின்ற கோயிலை ஏவன்டேலில் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் தள்ளிவிட்டார்கள்.

அருங்காட்சியகத்தில் சிலைகள் இருந்தன. அவற்றில் கை இல்லாதவை பின்னம் என்று கழிந்தன. கை உள்ளவற்றுக்கு உடுப்பு இல்லை.

"ஆண்கள் முதலில் போய்ப் பார்த்து, பெண்கள் பார்க்கலாமா என்று அறிக்கை தரலாம்," என்றார் தலைவர். அந்த அறிக்கையைத் தயாரிக்க எட்டுப் பேர் முன்வந்தார்கள். சங்கத்தின் எந்த வேலைக்கும் அத்தனை பேர் முன்வந்ததில்லை.

மீன் சந்தை, சைவ உறுப்பினர் மனம் நோகும் என்று நீக்கப்பட்டது. திராட்சைத் தோட்டத்தில் பழம் பார்க்கலாம், பழத்திலிருந்து வருவதைப் பார்க்கக்கூடாது. கடலை உடுப்போடு பார்க்கலாம், கணுக்கால் வரை. பளிங்குமலையில் கல் வெட்டுகிறார்கள், வெட்டிய கல்லும் பின்னம்தானே என்று ஒருவர் சந்தேகம் கிளப்பினார். அது ஆராய்வுக்கு விடப்பட்டது.

தீவின் துறைமுகத்தில் ஒரு பழங்காலக் கல் வாசல் நிற்பதாகவும், கப்பலில் வருவோர் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள் என்றும் சற்குணம் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"வாசல் மட்டுமோ? பின்னால வீடு?" என்றார் ஆலோசகர்.

"வீடு இல்லை. நிலை மட்டும்."

ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டார். "வீடில்லாத வாசல். கலியாணத்துக்குப் போற சனம் முதல் முதலாப் பார்க்கிறது அதுவோ?"

நீண்ட விவாதத்தின் பின், கப்பல் துறைமுகத்தை நெருங்கும்போது சங்க உறுப்பினர் யாவரும் வலப்பக்கம் திரும்பி நிற்பது என்று தீர்மானமாயிற்று. அதை மேற்பார்வை செய்ய ஒருவர் நியமிக்கப்பட்டார். அவர் மட்டும் இடப்பக்கம் பார்க்கலாம்.

இப்படியாக, உலகத்தின் பாதிப் பேர் காசு சேர்த்துப் பார்க்கப் போகிற நாட்டில் பார்ப்பதற்கு மிஞ்சியது ஒரு வெதுப்பகம், சில ஒலிவ மரங்கள், குன்றின் மேல் இருந்த குட்டிக் கோயில். அந்தக் கோயிலும் வேற்று மதக் கோயில் என்பதால், வெளியிலிருந்து மட்டும்.

"அந்த வெதுப்பகத்துக்கு எதுக்கு உபகுழு?" என்று சற்குணத்தின் மனைவி வசந்தமலர் அன்றிரவு கேட்டாள். "பாணைப் பார்க்கிறதுக்கு இங்க டொமினியன் ரோட்டுக்குப் போகலாமே."

"பொறு," என்றார் சற்குணம். "எங்கட சனம் வரும். பிள்ளையின்ர பக்கத்தில நிக்கும். அது போதும்."

அடுத்தது ஒத்திகை. சங்கம் எதையும் ஒத்திகை பார்க்காமல் செய்வதில்லை. ஒத்திகை பார்த்த பிறகு பெரும்பாலும் அதைச் செய்வதும் இல்லை. ஒரு ஞாயிறு காலை, மழைக்குள், வாடகை பஸ் ஒன்று பாபடோயிட்டோயிலிருந்து புறப்பட்டு வன் ட்ரீ ஹில் என்ற குன்றின் அடிவாரத்துக்குப் போனது. ஒத்திகைக்கு அந்தக் குன்றுதான் கிரேக்கக் குன்று. அடிவாரத்துக் கழிப்பறைக் கட்டடம், குட்டிக் கோயில்.

"அன்பர்களே," என்றார் தலைவர், ஒலிவாங்கியில். "உங்கள் முன்னால் நீங்கள் காண்பது ஆலயம். யாரும் உள்ளே போகவேண்டாம்."

"எனக்கு அவசரமாப் போகவேணும்," என்றாள் குணவதி.

"நிகழ்ச்சி நிரலில் வெளியிலிருந்து என்றுதான் இருக்கிறது."

"தம்பி, என்ர வயசில நிகழ்ச்சி நிரல் எனக்குள்ளதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். ஒழுங்கை மீறிய முதல் உறுப்பினர் என்று அவள் பெயர் பதியப்பட்டது.

மற்றவர்கள் குடை பிடித்து வரிசையாக நின்று, தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைக்கும் வரை கழிப்பறையை ரசித்தார்கள். பூங்காவின் செம்மறியாடுகள் வந்து அவர்களைப் பார்த்தன. அவை எந்தச் சங்கத்தின் அனுமதியும் இல்லாமல் பார்த்தன. ஒத்திகை பெருவெற்றி என்று ராம்பிரசாத் அறிக்கை எழுதினார்.

கடைசிக் கூட்டத்தில்தான் முழு நிகழ்ச்சி நிரலும் வாசிக்கப்பட்டது. சற்குணம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வெதுப்பகம் வந்தது. ஒலிவ மரம் வந்தது. சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை கடந்தும் போனது.

"அண்ணை," என்று எழுந்தார். "கலியாணம் வாசிக்க மறந்துபோனியள்."

மண்டபத்தில் எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். கராத்தே வகுப்புக்கு அன்று விடுமுறை.

தலைவர் எழுந்தார். இப்படி ஒரு தருணத்துக்காகவே அவர் கோட் வைத்திருந்தார்.

"நான் பழமைவாதி அல்ல," என்று தொடங்கினார். "எனக்கு வெள்ளைக்கார நண்பர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் நான் கையால் சாப்பிடாமல் முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டிருக்கிறேன். இந்தக் கல்யாணத்துக்குச் சங்கம் எதிரி அல்ல. ஆனால் ஆதரவும் அல்ல. கலப்புத் திருமணம் ஒன்றுக்குச் சங்கம் அதிகாரபூர்வமாகப் பயணம் போனால் நாளைக்கு எல்லாப் பிள்ளைகளும் அதை முன்மாதிரியாக எடுக்கும். அதே நேரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா தன் விடுதியில் இருபது பேருக்கு இலவச அறை தருவதாக அன்போடு சொல்லியிருக்கிறார். அந்த அன்பை உதாசீனம் செய்வது தமிழர் பண்பாடு அல்ல. ஆகவே சங்கம் போகிறது. சுற்றுலாவுக்குப் போகிறது. போன இடத்தில் கல்யாணம் ஒன்று நடந்தால், அது தற்செயல்."

தலைவரின் மகன் பிருந்தன் ஆல்பனியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு வீடு எடுத்து இருப்பது மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

"அப்ப சனிக்கிழமை பின்னேரம்?" என்றார் சற்குணம். 

"சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு," என்று ராம்பிரசாத் வாசித்தார், "குன்றின் மேல் உள்ள ஆலயத்தை வெளியிலிருந்து பார்வையிடல். அங்கே தீவின் மேயர் நம்ம தலைவருக்கு வரவேற்பு அளிப்பார். கடிதம் அனுப்பிட்டோம் சார். மேயர் பதவிச் சங்கிலியைக் கழுத்துல போட்டுக்கிட்டு வரச் சொல்லியிருக்கோம்."

சற்குணம் நிமிர்ந்தார். "அஞ்சு மணிக்கோ? அண்ணை, அந்த மேயர்தான் எங்கட பிள்ளைக்கு..."

"கேள்வி நேரம் முடிந்தது."

"இல்லை அண்ணை, அதே மேயர்தான் அஞ்சு மணிக்கு..."

"சற்குணம்," என்றார் தலைவர், பொறுமையோடு. "ஒரு நாட்டு மேயர் ஒரு சங்கத்தின் தலைவரைச் சந்திக்கிறார். இது உலகத் தமிழர் அளவில் நடக்கிற விஷயம். அதற்குள் உம்முடைய வீட்டு அலுவலைக் கொண்டுவரக் கூடாது. கல்யாணத்துக்குப் போக விரும்புறவர்கள் போகலாம். ஆனால் மேயர் வருகிற நேரத்தில் சபை வெறுமையாக இருந்தால், பெயர்கள் குறிக்கப்படும்."

எல்லோரும் கைதட்டினார்கள். குணவதியும் தட்டினாள், மெதுவாக.

வீட்டுக்கு வந்து சற்குணம் கோட்டைக் கழற்றாமல் கட்டிலில் இருந்தார். விமான நிலையத்தில் அவருக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை. இருபது வருடம் பிறர் பறப்பதற்குத் தட்டு அடுக்கியவர், தன் சனத்தை ஒரே ஒரு தடவை பறக்கவைக்க நினைத்தார். பறக்கத்தான் போகிறார்கள். பிள்ளைக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் போய் இறங்கப் போகிறார்கள்.

"பிள்ளைக்கு என்னெண்டு சொல்லுறது?" என்றார்.

"சொல்லாதேங்கோ," என்றாள் வசந்தமலர். "நான் அவளுக்குப் பக்கத்தில ரெண்டு ஆள் அகலத்துக்கு நிக்கிறன்."

லோஜனா முன்கூட்டியே தீவுக்குப் போய்விட்டாள். பயணத்துக்கு முந்திய கிழமை அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. இரைச்சலுக்குள் அவள் குரல் குழம்பி வந்தது.

"அப்பா, மேயருக்கு ஆரோ ஓக்லாந்தில இருந்து லெட்டர் எழுதினவையாம். எங்கட ஆக்கள் எல்லாரும் சனிக்கிழமை அஞ்சு மணிக்கு அந்த ஹில் சர்ச்சுக்கு வெளியில நிப்பினமாம், அவரைச் சங்கிலியோட வரட்டாம். அவர் அது வெடிங் பார்ட்டி எண்டு நினைச்சிட்டார்."

சற்குணம் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். "பிறகு?"

"அவருக்கு அஞ்சு மணிக்கு ரெண்டு இடத்தில நிக்கேலாது தானே. டவுன் ஹால் வேண்டாம், சர்ச் முற்றத்திலயே கலியாணத்தைச் செய்யட்டோ எண்டு கேக்கிறார். முற்றம்தான் பெரிசாம், உள்ளுக்குப் பத்துப் பேர்தான் கொள்ளுமாம். பாதிரியாரும் வெளியில எண்டால் தனக்குப் பிரச்சினை இல்லையாம். நான் என்ன சொல்ல?"

சற்குணம் சுவரைப் பார்த்தார். வாழ்க்கையில் அவர் ஒரு கூட்டத்தில்கூட எதிர்த்து வாக்களித்ததில்லை.

"ஓம் எண்டு சொல்லு," என்றார்.

"குலசிங்கம் அங்கிளுக்குத் தெரியுமோ?"

"அவர்தானே பிள்ளை கடிதம் எழுதினவர்."

சனிக்கிழமை மாலை. கப்பலில் வலப்பக்கம் பார்த்தபடி வந்து கழுத்துப் பிடித்திருந்த இருபது தமிழர்கள், குன்றின் மேல் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். சங்கத்தின் பதாகையை இரண்டு பேர் விரித்துப் பிடித்தார்கள். வெள்ளைக் கோயில் ஒரு சின்னச் சமையலறை அளவுதான் இருந்தது. அதன் முற்றத்தில் ஏற்கெனவே பெருங்கூட்டம்.

"பார்த்தீர்களா," என்றார் தலைவர். "தீவே திரண்டு வந்திருக்கிறது."

மேயர் சங்கிலியோடு வந்தார். தலைவரின் கையைக் குலுக்கினார், இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார், பெண்ணின் மாமா என்று நினைத்து முன்வரிசையில் நிறுத்தினார். தலைவர் தன் பதிலுரையை எடுத்து மூக்குக்கண்ணாடியைப் போட்டபோது, கூட்டம் விலகியது. அரக்குக் கூறைச் சேலையில் லோஜனா வந்தாள். ஒரு பக்கம் சற்குணம், மறு பக்கம் வசந்தமலர்.

தலைவர் கடிதாசியைக் கீழே இறக்கினார். ராம்பிரசாத் நிகழ்ச்சி நிரலை அவசரமாகப் புரட்டினார்.

"சார், நாம வெளியிலதான் நிக்கிறோம்," என்று கிசுகிசுத்தார். "தீர்மானப்படி எல்லாம் சரியாத்தான் இருக்கு. கிளம்பினாத்தான் மீறல்."

தலைவர் ஆன்மீக ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் கோயிலின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரை முழுதாக இருந்தது.

லோஜனா தலை நிமிர்ந்து பார்த்தாள். மாப்பிள்ளை பக்கம் நிறைந்திருந்தது. தன் பக்கம் பதாகை, குடைகள், பட்டுச் சேலைகள், பெரியமாமி குணவதி, முன்னால் கோட்டோடு தலைவர். அவளுக்கு அழுகை வந்தது. சற்குணம் தன் கைக்குட்டையைக் கொடுத்தார், பிறகு திரும்ப வாங்கித் தானும் துடைத்தார்.

கையெழுத்து முடிந்ததும் ஒரு கிழவர் கூடை ஒன்றைக் கொண்டு வந்து எல்லோர் கையிலும் ஒரு பிடி அரிசி கொடுத்தார். அந்த ஊரிலும் கல்யாணத்துக்கு அரிசிதான்.

அரிசியோடு தமிழர்கள் விழித்தார்கள். அரிசி எறிதல் நிகழ்ச்சி நிரலில் இல்லை. ஆனால் அறுகரிசி போட்டு வாழ்த்துவதற்கு ஒரு கைக்குத் தீர்மானம் தேவையில்லை.

"என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றாள் குணவதி. "பிள்ளை நிக்குது. போடுங்கோ!"

அவள்தான் முதலில் போட்டாள். பிறகு எல்லோரும் போட்டார்கள். கிரேக்கர்கள் பலமாக எறிந்தார்கள். அவர்களுடைய குறி அவ்வளவு சரியில்லை. மேயர் எல்லோரையும் இழுத்துப் படத்துக்கு நிறுத்தினார். நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும், ஒரு பக்கம் தலைவர், மறு பக்கம் மேயர், பின்னால் தென்கடல் தமிழ்ச் சங்கம் என்ற பதாகை.

அந்த ஆண்டுச் சங்க மலரில் கிரேக்கச் சுற்றுலா பற்றிய அறிக்கை வெளிவந்தது. 'ஆலயம் ஒன்றின் வெளிப்புறம் திட்டமிட்டபடி பார்வையிடப்பட்டது. மேயர் தலைவரை வரவேற்றார். குறிப்பிடத்தக்க வேறு சம்பவம் எதுவும் நடைபெறவில்லை.' தலைவரும் மேயரும் சேர்ந்து நின்ற படம் வேறு இல்லாததால் அந்தப் படத்தையே போட்டார்கள். நடுவில் நின்ற இருவரை ராம்பிரசாத் கணினியில் வெட்டி எடுத்திருந்தார். கெட்டிக்காரர். ஒட்டுத் தெரியவே இல்லை.

தலைவரின் தலையிலும் தோளிலும் மட்டும் வெள்ளைப் புள்ளிகள் நிறைய இருந்தன. பொதுக்கூட்டத்தில் யாரோ அதைப் பற்றிக் கேட்டார்கள்.

"அச்சுப் பிழை," என்றார் செயலாளர்.

சற்குணம் எழுந்து, தனக்கு இரண்டு மலர் வேண்டும் என்றார்.